சுட்ட தோட்டாவ திரும்ப நிரப்பறது: ரீலோடிங்னா என்னன்னே தெரியாதவங்களுக்கு

எங்க தாத்தாகிட்ட ஒரு ஒத்தக்குழல் பன்னெண்டு போர் துப்பாக்கி இருந்துச்சு. நீடாமங்கலம் பக்கம் எங்க ஊரு, கொல்லைல பன்னி எறங்குதுன்னு லைசென்ஸ் வாங்கி வச்சிருந்தாரு, ஆனா நான் பாத்து அத சுட்டதவிட எலக்சனுக்கு எலக்சன் ஸ்டேஷன்ல கொண்டுபோய் ஒப்படைச்சு ரசீது வாங்குனதுதான் ஜாஸ்தி. அப்பப்ப சுட்டு விழுந்த காலி தோட்டா ஒண்ணு ரெண்டு எங்க கைக்கு வரும், செவப்பு குழாய், அடில பித்தளை தொப்பி, வாய்ல வச்சு ஊதுனா விசில் மாதிரி சத்தம் வரும், அதுக்குத்தான் பசங்களுக்குள்ள அடிச்சுக்குவோம். அது ஒரு தடவ சுட்டா குப்பைன்னுதான் ரொம்ப நாள் நெனச்சிருந்தேன்.

டெக்சாஸ்ல இருக்கற அக்கா வீட்டுக்கு மூணு மாசம் போயிருந்தப்பதான் அந்த நெனப்பு மாறுச்சு. அத்தான் அங்க கார் நிறுத்தற எடத்துல ஒரு மேஜைய போட்டு, சுட்டு முடிச்ச ரைஃபிள் தோட்டாக்கூட எல்லாம் பொறுக்கிட்டு வந்து கழுவி சீராக்கி திரும்ப மருந்து போட்டு குண்டு வச்சு புதுசாக்கறாரு. இதத்தான் ரீலோடிங்கறாங்க. அங்க சொந்த உபயோகத்துக்கு பண்ணிக்க தனி லைசென்ஸ் வேண்டாம், பண்ணி விக்கறதுன்னாதான் லைசென்ஸ். இங்க கதையே வேற, அத கடைசில சொல்றேன், அதுக்கு முன்னாடி யாரும் ஆர்வத்துல எதையும் கைல எடுத்துடாதீங்க.

ஊருக்கு வந்ததுலேந்து கேக்கறவங்களுக்கெல்லாம் வாயால சொல்லி சொல்லி அலுத்துபோச்சு, அதான் எழுதியே வச்சுடலாம்னு.

மொதல்ல தோட்டான்னா என்னன்னு பாப்போம். நாம பேச்சுவாக்குல குண்டு, தோட்டா, ரவை எல்லாத்தயும் ஒண்ணாத்தான் சொல்றோம். உண்மைல தோட்டாங்கறது நாலு சாமான் சேந்த ஒரு பொட்டலம். பித்தளைல கூடு, கூட்டுக்கு அடில நடுமையத்துல தட்டுனா பொறி விடற சின்ன மூடி, அதுக்கு பேரு கேப்பு, கூட்டுக்குள்ள மருந்து, கூட்டு வாய்ல சொருகுன குண்டு. தஞ்சாவூர் பீரங்கி மேட்டுல நாயக்கர் காலத்து பெரிய பீரங்கி இருக்கே, அதுல மருந்து தனியா, குண்டு தனியா, பத்தவைக்க நெருப்பு தனியா. கோயில் திருவிழாவுல அதிர்வேட்டு போடறவங்க குழாய்ல மருந்து கெட்டிச்சு திரில நெருப்பு வைக்கறதும் அதே கதைதான். இந்த மூணயும் ஒரே பித்தளக் கூட்டுல அடைச்சதுதான் தோட்டா. துப்பாக்கியோட ஊசி கேப்புல அடிக்கும், கேப்பு பொறி விடும், பொறி கூட்டுல இருக்கற ஓட்டை வழியா மருந்துக்கு போகும், மருந்து எரிஞ்சு வாயுவாகும், வாயு குண்ட தள்ளும். அவ்ளோதான்.

இந்த நாலுல கேப்பு போச்சு, மருந்து போச்சு, குண்டும் போச்சு. மிச்சம் நிக்கறது கூடு மட்டும்தான். தோட்டாவுல ஜாஸ்தி காசு புடிக்கற சாமானும் பெரும்பாலும் அதுதான். அத தூக்கி எறியாம மத்த மூணயும் புதுசா போடறதுதான் ரீலோடிங். நான் கத்துக்கிட்டத ஒரே வரில சொல்லணும்னா இது மருந்து சமாச்சாரமே இல்ல, பித்தளை சமாச்சாரம். அந்த கூடு என்ன பாடு படுதுன்னு புரிஞ்சுட்டா மீதி ஒவ்வொரு வேலையும் ஏன் பண்றாங்கன்னு தானா புரியும், புரியலன்னா சும்மா சடங்கு மாதிரி இருக்கும்.

அத்தான் வச்சிருக்கறது .308 வின்செஸ்டர்ங்கற ரகம், 1952ல வந்தது. அது சுடறப்ப உள்ள எழும்பற அழுத்தம் எவ்ளோ தெரியுமா, அமெரிக்கால இதுக்கெல்லாம் அளவு போடற சாமின்னு ஒரு சங்கம் இருக்கு, 1926லேந்து இருக்கு, அவங்க வச்ச உச்ச வரம்பு 62,000 பி.எஸ்.ஐ. நம்ம கார் டயருக்கு காத்து புடிக்கறது 32. அதாவது ரெண்டாயிரம் டயர கிட்டத்தட்ட ஒண்ணா அடுக்குன மாதிரி, உங்க மூஞ்சிக்கு ஒரு ஜாண் முன்னாடி. இத கேட்ட அன்னிக்கு நான் நாற்காலிய கொஞ்சம் பின்னாடி தள்ளி போட்டுக்கிட்டேன், அத்தான் சிரிச்சாரு.

அந்த அழுத்தத்துல கூடு ஒரு நொடி பலூன் மாதிரி உப்பி, துப்பாக்கில தோட்டா உக்கார்ற அறையோட சுவத்துல போய் அப்பிக்கும். அப்பிக்கறதாலதான் வாயு பின்பக்கமா கசிஞ்சு நம்ம மேல வரல. அழுத்தம் எறங்குனதும் பித்தளை கொஞ்சம் சுருங்கும், சுருங்கறதாலதான் கூட்ட வெளில இழுக்க முடியுது. இரும்பா இருந்தா அப்படி நல்லா சுருங்காது, செம்பு மட்டும்னா ரொம்ப கொழகொழ, அதுக்குத்தான் நூத்துக்கு 70 செம்பு 30 துத்தநாகம் கலந்த பித்தளை. ஆனா ஒரு விஷயம், சுருங்கறது பழைய அளவுக்கு சுருங்காது. எந்த துப்பாக்கில சுட்டமோ அந்த அறையோட அச்சு அப்டியே கூட்டுல பதிஞ்சிருக்கும், தையக்காரர்கிட்ட அளவு குடுத்து தச்ச ரவிக்க மாதிரி. அதனால அதே கூட்ட அப்டியே நிரப்பி திரும்ப போட்டா உள்ள போகறது சிக்கும், வாய்ல குண்டும் புடிச்சு நிக்காது. ஆகவே மொதல் பெரிய வேலை, உப்புன கூட்ட பழைய அளவுக்கு நசுக்கி கொண்டுவர்றது.

அதுக்கு முன்னாடி எந்த கூட்ட நிரப்பலாம் எத நிரப்பக்கூடாதுன்னு. .22ன்னு சின்ன தோட்டா இருக்கு பாருங்க, பாரிஸ் ஒலிம்பிக்ல 2024ல ஸ்வப்னில் குசாலே வெண்கலம் எடுத்த 50 மீட்டர் போட்டில சுடறது, அதுக்கு தனி கேப்பு கெடையாது, கேப்பு மருந்து கூட்டோட அடி விளிம்புக்குள்ளயே தடவியிருக்கும், ஊசி விளிம்புல அடிச்சு நசுக்கிடும், ஒரு தடவ சுட்டா கத முடிஞ்சுது. நம்ம கடலூர்ல பொறந்த இளவேனில் வாலறிவன் சுடற ஏர் ரைஃபிள்ல மருந்தே கெடையாது, காத்துதான். ஆக ரீலோடிங் நடுமையத்துல தனி கேப்பு இருக்கற தோட்டாவுக்கு மட்டும்.

அதுலயும் ரெண்டு சாதி. ஒண்ணு பாக்ஸர் கேப்பு, இன்னொண்ணு பெர்டன் கேப்பு. பாக்ஸர் இங்கிலாந்துல ராணுவ அதிகாரி, பெர்டன் அமெரிக்காகாரர், ரெண்டு பேரும் 1866 வாக்குல கண்டுபுடிச்சது. வேடிக்கை என்னன்னா இங்கிலீஷ்காரர் கண்டுபுடிச்சத அமெரிக்கா புடிச்சுக்கிச்சு, அமெரிக்காகாரர் கண்டுபுடிச்சத ஐரோப்பா புடிச்சுக்கிச்சு, பொண்ணு குடுத்து பொண்ணு எடுத்த மாதிரி. பாக்ஸர் கூட்டுல உள்ள நடுவுல ஒரே ஓட்டை, ஒரு ஊசிய விட்டு தள்ளுனா பழைய கேப்பு டொக்குன்னு கீழ விழுந்துடும். பெர்டன்ல ஓரமா ரெண்டு ஓட்டை, நடுவுல பித்தளை மேடு, ஊசி மேட்டுல முட்டி ஒடையும். அதனால கத்துக்கறவங்க பாக்ஸர் கூடு மட்டும்தான் எடுப்பாங்க, சந்தேகம்னா டார்ச் அடிச்சு உள்ள பாத்துட்டு.

அப்பறம் மிஷின். பிரஸ்னு சொல்றாங்க, பாக்கறதுக்கு பழைய கரும்பு ஜூஸ் மிஷினுக்கும் இடியாப்ப அச்சுக்கும் நடுவுல ஒரு உருப்படி, மேஜைல போல்ட் போட்டு இறுக்கி ஒரு கைப்புடி. மேல டைங்கற அச்சு திருகுவாங்க, கீழேந்து கூடு மேல ஏறி அச்சுக்குள்ள போகும். ஒரு இழுப்புக்கு ஒரு வேலை மட்டும் பண்றது சிங்கிள் ஸ்டேஜ். நாலஞ்சு அச்ச சுத்தி சுத்தி மாத்திக்கறது டரட். ஒரே இழுப்புல எல்லா கூட்டுலயும் ஆளுக்கொரு வேலை நடக்கறது புரொக்ரஸிவ். மொதமொதல்ல ஆரம்பிக்கறவங்க சிங்கிள் ஸ்டேஜ்தான் வாங்கணும்னு அத்தான் அடிச்சு சொல்றாரு, எனக்கும் அதுதான் சரின்னு படுது, புரொக்ரஸிவ்ல தப்பும் அதே வேகத்துல நடக்கும், நூறு தோட்டா முடிஞ்சப்பறம்தான் மொதல் தோட்டாவுல தப்புன்னு தெரியும். அத்தானோடது ஆர்சிபிஎஸ் கம்பெனி, கலிபோர்னியால ஃப்ரெட் ஹண்டிங்டன்கறவரு 1943ல ஆரம்பிச்சது. லீ, ஹோர்னடி, லைமன், டில்லான்னு இன்னும் இருக்கு. இதுல எது ஒசத்திங்கறது நம்ம ஊர்ல எந்த டிராக்டர் ஒசத்திங்கற மாதிரி, கேட்டா விடியவிடிய பேசுவாங்க.

சரி வேலைக்கு வருவோம். சுட்ட கூட்ட மொதல்ல கண்ணால பாக்கணும். வாய்ல கீறல் இருந்தா குப்பை. அடிலேந்து அரை இன்ச்சுக்குள்ள சுத்தி பளபளன்னு ஒரு வெள்ளக்கோடு தெரிஞ்சா கண்டிப்பா குப்பை, அந்த எடத்துல உள்பக்கம் பித்தளை மெலிஞ்சுருக்குன்னு அர்த்தம், அடுத்த தடவ சுட்டா கூடு ரெண்டா பிச்சுக்கும். வெளில தெரியலன்னாலும் அத்தான் ஒரு பேப்பர் கிளிப்ப நிமித்தி நுனிய கொக்கி மாதிரி வளச்சு உள்ள விட்டு சுவத்த தடவி பாப்பாரு, பள்ளம் இருந்தா கொக்கி மாட்டும். ஒரு ரூவா சாமான், ஆனா உசுர காப்பாத்தற சாமான்.

அப்பறம் கழுவல். சோளக்கதிர் சக்கைய பொடியாக்கி ஒரு டப்பால போட்டு அதுல கூட்ட போட்டு மிஷின் கடகடன்னு ஆட்டும், ரெண்டு மணி நேரத்துல பளிச்சுன்னு ஆயிடும். அம்மாவா இருந்தா புளியும் சாம்பலும் போட்டு தேச்சுருப்பாங்க.

அடுத்து எண்ணெய். இங்கதான் நான் மாட்டுனது. கூட்ட அச்சுக்குள்ள தள்றதுக்கு முன்னாடி வெளிப்பக்கம் மெலிசா ஒரு மசகு தடவணும். பத்து பன்னெண்டு கூடு அத்தான் பாத்துட்டே இருக்க ஒழுங்கா பண்ணேன், அவரு காபி போட உள்ள போனாரு, நான் வேகத்துல ஒரு கூட்ட தடவாம ஏத்திட்டேன். ஏறிடுச்சு. எறங்கல. கைப்புடிய தொங்கி இழுத்தா கூட்டோட அடி விளிம்பு பிஞ்சு கைக்கு வருது, கூடு அச்சுக்குள்ளயே உக்காந்துக்கிச்சு, சூடு டம்ளர ரெண்ட ஒண்ணுக்குள்ள ஒண்ணு போட்டா மாட்டிக்கும் பாருங்க அந்த மாதிரி. அத்தான் ரெண்டு டபரால காபிய ஆத்திக்கிட்டே வந்து பாத்துட்டு, "மாப்ள, எல்லாருக்கும் ஒரு தடவ நடக்கும், உங்களுக்கு இன்னிக்கு நடந்துருச்சு"ன்னாரு. அதுக்கப்பறம் கூட்டோட அடில துளை போட்டு மரை வெட்டி போல்ட் திருகி இழுத்து எடுக்க ஒரு மணி நேரம். அதுக்காக எண்ணெய அப்பவும் கூடாது, ஜாஸ்தியானா கூடு வாய்ப்பக்கம் குறுகற தோள்பட்ட எடத்துல எண்ணெய் தேங்கி குழி விழுந்துடும். வேல முடிஞ்சதும் தொடச்சும் ஆகணும், எண்ணெயோட இருக்கற கூடு அறை சுவத்த சரியா புடிக்காது, முழு அழுத்தமும் அறைய பின்னாடி மூடற துப்பாக்கி போல்ட் மேல வந்து விழும்.

அச்சுக்குள்ள ஏறறப்ப ரெண்டு வேல ஒரே நேரத்துல நடக்கும், நடுவுல இருக்கற ஊசி பழைய கேப்ப தள்ளிடும், சுத்துச்சுவரு கூட்ட நசுக்கும். எவ்ளோ நசுக்கறதுங்கறதுலதான் ஆளோட தெறம தெரியும். கொஞ்சமா நசுக்குனா துப்பாக்கி மூடாது. ரொம்ப நசுக்குனா அறைக்குள்ள கூடு லொடலொடன்னு இருக்கும், ஒவ்வொரு தடவ சுடறப்பவும் நீண்டு நீண்டு அந்த வெள்ளக்கோடு சீக்கிரம் வந்துடும். கூட்டோட தோள அறை அளவுலேந்து ஆயிரத்துல ரெண்டு இன்ச் பின்னால தள்ளுனா போதும்னு அத்தான் கணக்கு, அது ஒரு தலைமுடி கனம் கூட வராது.

நசுக்குன பித்தளை எங்க போகும், நீளமாத்தான் போகும். அதனால ஒவ்வொரு கூட்டையும் கேலிப்பர்ல அளக்கணும். .308 கூடு 2.015 இன்ச்சுக்கு மேல போகக்கூடாது, போச்சுன்னா 2.005க்கு வெட்டிடறாங்க. நீளமா வுட்டா கூட்டு வாய் துப்பாக்கிக்குள்ள முட்டி குண்ட கவ்வி புடிச்சுக்கும், குண்டு வெளிய போகாம அழுத்தம் ஏறிடும். வெட்டுன வாய்ல பிசிறு இருக்கும், உள்ளயும் வெளியயும் லேசா சீவி விடணும்.

பித்தளைய திரும்ப திரும்ப நசுக்கி உப்பவிட்டா என்னாகும்னு கும்பகோணத்துல பாத்திரம் அடிக்கற எந்த கன்னாரக் கேட்டாலும் சொல்லுவாரு, தட்ட தட்ட எறுகும், எறுகுனா வெடிக்கும், அதனால நடுநடுவுல நெருப்புல காட்டி பதமாக்கணும். ரீலோடிங்லயும் அச்சு அசலா அதேதான், நாலஞ்சு தடவ சுட்டப்பறம் கூட்டு வாய மட்டும் சுடர்ல சில நொடி காட்டி எளக்கறாங்க. அடிப்பக்கத்த மட்டும் சூடாக்கவே கூடாது, அடி எறுக்கமா இருந்தாத்தான் அழுத்தம் தாங்கும். இப்படி பக்குவமா வச்சிருந்தா ஒரு கூடு பத்து தடவைக்கு மேலகூட வரும், முரட்டுத்தனமா அழுத்தம் ஏத்துனா மூணு நாலுலயே போயிடும்.

பித்தளை பத்தி இன்னொரு கத, இது நம்ம நாட்டுல நடந்தது. வெள்ளக்காரன் காலத்துல பட்டாளத்து தோட்டாவ மழக்காலத்துல குதிர லாயத்துல வைப்பாங்களாம், மழ முடிஞ்சு பாத்தா கூடெல்லாம் தானா விரிசல் விட்டுருக்கும். யாரும் தொடல, சுடல, எப்படின்னு மண்டய ஒடச்சுக்கிட்டாங்க. பருவத்துல வர்றதால சீசன் விரிசல்னே பேரு வச்சுட்டாங்க. காரணம் குதிர மூத்திரத்துலேந்து வர்ற அமோனியா. எறுகுன பித்தளைக்கு அமோனியா வெஷம், ஈரத்தோட சேந்தா உள்ளேந்து அரிச்சு பொளந்துடும். அதனால இன்னிக்கும் அமோனியா கலந்த பாலிஷ் போட்டு கூட்ட தொடைக்காதீங்கறாங்க. நம்ம வீட்ல மாட்டுக்கொட்டாய ஒட்டி இருக்கற பரண்ல பித்தள அண்டா ஏன் விரிசல் விடுதுன்னு எனக்கு ரொம்ப நாள் சந்தேகம், இதா இருக்குமோன்னு இப்ப தோணுது.

கூடு தயார்னா கேப்பு வைக்கணும். கேப்பு கூட்டோட அடி மட்டத்துக்கு ஒரு மயிரிழை உள்ள போய் உக்காரணும், வெளில துருத்திட்டு நிக்கக்கூடாது, வெரல வச்சு தடவுனா தெரிஞ்சுடும். இந்த நாலு சாமான்ல ரொம்ப கோவக்காரன் கேப்புதான், தட்டுனா வெடிக்கறதுதானே அதோட வேலையே. அதனால அது வந்த டப்பாவுலேந்து மாத்தி வேற பாட்டில்ல கொட்டி வைக்கறது பெரிய முட்டாள்தனம், ஒண்ணு வெடிச்சா மொத்தமும் போகும். கண்ணுக்கு கண்ணாடி கட்டாயம். அதுல காரீயமும் இருக்கு, வேல முடிஞ்சு சோப்பு போட்டு கை கழுவாம சோத்துல கை வைக்கக்கூடாது, அக்கா அந்த மேஜைக்கு பக்கத்துல ஒரு முறுக்கு தட்டுகூட வைக்க விட மாட்டா.

இப்ப மருந்து. எல்லாரும் பயப்படறது இதுக்குத்தான். இது திருவிழா வேட்டுல போடற கரிமருந்து இல்ல, பொகையில்லாத மருந்து, 1884ல பால் வியெல்ங்கற பிரெஞ்சுக்காரர் கொண்டாந்தது, பஞ்சு மாதிரி நார்ச்சத்த நைட்ரிக் அமிலத்துல பதப்படுத்தி வர்றது. பாக்க ஒண்ணு கசகசா மாதிரி உருண்டையா இருக்கும், ஒண்ணு சேமியாவ பொடியா நறுக்குன மாதிரி குச்சியா இருக்கும். இதுல நூத்துக்கணக்குல ரகம், வித்தியாசம் எரியற வேகத்துல. வைக்கோலும் எரியும், வரட்டியும் எரியும், ரெண்டும் ஒண்ணா? கைத்துப்பாக்கி மருந்து வைக்கோலு, குபீர்னு போயிடும். ரைஃபிளுக்கு வரட்டி மாதிரி நின்னு எரியற மருந்து வேணும். வைக்கோலு ரகத்த ரைஃபிள் கூட்டுல போட்டா துப்பாக்கியே கைல வெடிக்கும். அதனால மேஜை மேல எப்பவும் ஒரே ஒரு மருந்து டப்பாதான் இருக்கணும், முடிஞ்சதும் மிச்சத்த அதே டப்பாவுல கொட்டி மூடி எடுத்து வச்சுட்டுதான் அடுத்தத எடுக்கணும். பேரு இல்லாத டப்பால மருந்து இருந்தா மோந்து பாத்து கண்டுபுடிக்கற வேலையெல்லாம் இல்ல, அத ஒழிச்சுடணும்.

அளவு கிரெயின்ல. ஆதில ஒரு பார்லி மணியோட எடைதான் கிரெயின், நம்ம ஆளுங்க நெல்லெடை குன்றிமணின்னு பொன்ன நிறுத்த மாதிரி. ஒரு பவுண்டுக்கு 7000 கிரெயின், ஒரு கிராமுக்கு பதினஞ்சரை வாக்குல. 8 கிராம் பவுன் காசுன்னா 123 கிரெயின் சொச்சம், குன்றிமணி ஒண்ணு ரெண்டு கிரெயினுக்கு கிட்ட வரும். .308க்கு போட்டில சுடறவங்க வழக்கமா போடற குண்டு 168 கிரெயின், அதாவது ஒண்ணேகால் பவுனுக்கும் கொஞ்சம் மேல. மருந்த கால் கிரெயினுக்கும் கொறவா நிறுக்கறாங்க, பெரிய கடைவீதி ஆசாரி தோத்தாரு.

எத்தன கிரெயின் போடணும்னு நான் இங்க எழுத மாட்டேன், எழுதுனா நீங்களும் நம்பக்கூடாது. அது மருந்து கம்பெனியும் குண்டு கம்பெனியும் சோதன பண்ணி புஸ்தகமா போட்டுருக்காங்க, இந்த குண்டு, இந்த மருந்து, இந்த கேப்பு, இந்த கூடு, ஆரம்ப அளவு இவ்ளோ, உச்ச அளவு இவ்ளோன்னு. எதுல ஒண்ணு மாறுனாலும் கணக்கு மாறும். ஆரம்ப அளவுலேந்து கொஞ்சம் கொஞ்சமா ஏத்தி, ஒவ்வொரு படிக்கும் சுட்ட கூட்ட பாக்கணும், கேப்பு தட்டையா நசுங்கியிருக்கா, அடில பளபளன்னு தழும்பு விழுந்திருக்கா, போல்ட் தெறக்க கஷ்டமா இருக்கா. இருந்தா நிறுத்து, எறங்கு. ஒரு வெயிலும் கணக்குதான், சூட்டுல சில மருந்து இன்னும் வேகமா எரியும், டிசம்பர்ல சரியா இருந்தது மே மாச வெயில்ல எல்ல தாண்டிடும்.

தப்பு நடக்கறதுன்னா ரெண்டு விதம். ஒரு கூட்டுல மருந்து ரெண்டு தடவ விழுந்துடறது, இல்ல விழாமயே போயிடறது. ரெண்டு தடவ விழுந்தா என்னாகும்னு சொல்ல வேண்டாம். விழாம போனாலும் ஆபத்துதான், கேப்போட பலத்துல மட்டும் குண்டு கொஞ்ச தூரம் போய் குழாய் நடுவுல சொருகி நின்னுடும், சத்தம் புஸ்ஸுன்னு வரும், அது தெரியாம அடுத்தத சுட்டா குழாய் பொளந்துடும். அதனால புஸ்ஸுன்னா உடனே நிறுத்தி குழாய பாக்கணும். இதுக்கு அத்தான் பண்றது ரொம்ப சுலபம், அம்பது குழி வச்ச ஒரு பலகை, பணியாரக்கல்லு மாதிரி, அதுல கூட்ட வரிசையா நிறுத்தி மருந்து போட்டுட்டு குண்டு வைக்கறதுக்கு முன்னாடி மேலேந்து டார்ச் அடிச்சு ஒரு பார்வ. நாத்தங்கால்ல நின்னு பாத்தா எங்க பள்ளம் எங்க மேடுன்னு கண்ணு தானா புடிக்குமே, அதே மாதிரி ஒண்ணு கொறஞ்சாலும் கூடுனாலும் பளிச்சுன்னு தெரியும். அவரு இன்னொண்ணும் பண்றாரு, பாதிக்கு மேல கூட்ட ரொப்பற ரக மருந்தத்தான் எடுப்பாரு, ரெண்டு தடவ விழுந்தா வழிஞ்சுடும். டிவி, போன், பேச்சு எதுவும் கெடையாது. நான் பேச்சு குடுத்தா பதிலே வராது, மருந்து முடியற வரைக்கும் ஆளு கோயில் குருக்கள் மாதிரி.

கடைசில குண்டு. இன்னொரு அச்ச மாத்திட்டு குண்ட வாய்ல வச்சு ஒரு அமுக்கு, மொத்த நீளம் .308க்கு 2.810 இன்ச்சுக்குள்ள. அதிக உள்ள போனா உள்எடம் கொறஞ்சு அழுத்தம் கூடும், வெளில நின்னா துப்பாக்கி குழாய்க்குள்ள வெட்டியிருக்கற வரிப்பள்ளத்துல முட்டும். அப்பறம் டப்பால போட்டு மேல சீட்டு ஒட்டணும், என்ன மருந்து, எவ்ளோ, என்ன குண்டு, எந்த தேதி, இந்த கூடு எத்தனாவது தடவ. சீட்டு இல்லாத தோட்டா அத்தானுக்கு தீண்டாத பொருள், பிரிச்சு போட்டுடுவாரு.

இவ்ளோ பாடு படறதுல காசு மிச்சமான்னு கேட்டேன். அக்கா சமையக்கட்டுலேந்து சிரிச்சா, தோட்டாவுக்கு ஆகற செலவு கொறஞ்சது நெசம்தான், அதுக்கு பதிலா ரெண்டு மடங்கு சுடறாருன்னா. உண்மையான காரணம் வேற, கடை தோட்டா எல்லா துப்பாக்கிக்கும் பொதுவா செஞ்சது, இது அவரோட ஒரு துப்பாக்கிக்குன்னு அளவெடுத்து செஞ்சது, ஒவ்வொண்ணும் ஒரே மாதிரி இருக்கறதால தூரத்துல சுட்டா குண்டெல்லாம் கிட்டகிட்ட விழும்.

இப்ப நம்ம ஊரு. இந்தியால ஆயுதச் சட்டம் 1959 இருக்கு. அதுல அம்யூனிஷன்னா என்னன்னு குடுத்திருக்கற விளக்கத்துல தோட்டா மட்டும் இல்ல, தோட்டாவோட உறுப்புகள், தோட்டா செய்யற மிஷின் எல்லாமே அடக்கம். 5வது பிரிவுப்படி லைசென்ஸ் இல்லாம தோட்டா செய்யறது குத்தம், 2019 திருத்தத்துக்கு அப்பறம் கொறஞ்சது ஏழு வருஷம், மேல ஆயுள் வரைக்கும் போகலாம். துப்பாக்கி லைசென்ஸ் இருக்கேன்னா அது வச்சுக்கத்தான், செய்யறதுக்கு இல்ல. அதனால நெட்டுல பாத்துட்டு ஆன்லைன்ல பிரஸ் வாங்கிப்போட்டு கொல்லைல ஆரம்பிக்கலாம்னு யாரும் கெளம்பிடாதீங்க. கோடியக்கரை மானு, வடுவூர் ஏரிப் பறவைன்னு நெனப்பு போனா அதுக்கு 1972 வனவிலங்கு சட்டம் தனியா காத்திருக்கு. சுடற ஆசை இருக்கறவங்க ரைஃபிள் கிளப்புல சேந்து ஏர் ரைஃபிள்ல ஆரம்பிக்கறதுதான் ஒரே நேர்வழி.

ஆனா வேடிக்கை பாருங்க, இந்த தொழிலே நமக்கு அன்னியம் இல்ல. இந்த பொகையில்லா மருந்த நீலகிரில அருவங்காட்டுல நூறு வருஷத்துக்கு மேல அரசாங்க ஃபேக்டரில செய்யறாங்க. திருச்சில துப்பாக்கி தொழிற்சாலை 1966லேந்து இருக்கு, எங்க ஊர்லேந்து அங்க வேலைக்கு போனவங்களே உண்டு, அவங்க வீட்ல என்ன வேலைன்னு வாயே தெறக்க மாட்டாங்க.

கெளம்பற அன்னிக்கு ஞாபகத்துக்கு ஒரு காலி கூடு எடுத்துக்கறேன் அத்தான்னேன், பசங்களுக்கு விசில் ஊதி காட்டலாம்னு. "மாப்ள, திருச்சி ஏர்போர்ட்ல பொட்டி ஸ்கேனுக்குள்ள போறப்ப காலியா ரொம்பியான்னு அவனுக்கு தெரியாது, உங்கள உக்கார வச்சு நாள் முழுக்க கேள்வி கேப்பான், வேண்டவே வேண்டாம்"னுட்டு பொட்டிய அவரே இன்னொரு தடவ தொறந்து ஒவ்வொரு சட்டை பையும் தடவி பாத்தாரு. ஒரு சட்டப்பைல நெசமாவே ஒண்ணு இருந்துச்சு, கழுவறப்ப போட்டது மறந்தே போயிருக்கேன். எடுத்து பலகைல நிறுத்திட்டு, அதுக்கு பதிலா அவரோட பழைய கேலிப்பர குடுத்தாரு. இப்ப அதுலதான் போர்செட்டு மோட்டார் பேரிங் தேஞ்சிருக்கான்னு அளந்துட்டு இருக்கேன்.